பந்து வராத பக்கம்

கம்பளை மைதானத்தில் வெளிநாட்டுக் கால்பந்துப் பயிற்சிக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்த அன்று, வந்தவர்களின் பெயர்களைப் பதிந்தவன் நான். மற்றப் பெற்றோர் கதிரைகளில் இருக்க, தேயிலைக் கொழுந்துக் கறை படிந்த விரல்களோடு ஓர் அம்மா மட்டும் எல்லைக்கோட்டுக்கு வெளியே குனிந்தே நின்றார்.

"உக்காருங்கம்மா."

"பழக்கங்க. எங்க தோட்டத்து கிரவுண்டு சரிவு. பந்து தேயிலைக்குள்ள உருண்டா நான்தான் எறங்கி எடுப்பேன். எனக்குக் கால் வலிக்கும்னு மக பந்தைக் காலை விட்டுப் போகவே விட மாட்டா."

அன்றும் அவள் விடவில்லை. மூன்று பேர் சூழ்ந்தும் பறிக்க முடியவில்லை. ஒரு பந்துகூட அம்மாவின் பக்கம் வரவில்லை.

தெரிவானவர்களில் முதல் பெயராக அவளுடையதை வாசித்தேன். அப்போதுதான் அந்த அம்மா முதுகை நிமிர்த்தினார். அவர் அவ்வளவு உயரம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.