கழன்று கிடந்த சென்சார்

பல்கலைக்கழகத்தின் இயற்பியல் ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருடமாக டெக்னீஷியன் அவர். வெற்றிட பம்புகள் அவர் கை பட்டால்தான் மூச்சு விடும் என்பதால் மாணவர்கள் வைத்த பெயர் பம்பு சார். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்.

அங்கே ஸ்காலர் திட்டம் என்று ஒன்று உண்டு. அறிவியல், பொறியியல் படிப்பவர்களில் வருடத்துக்குப் பன்னிரண்டு பேரைப் பொறுக்கி எடுத்து, ஆளுக்கொரு பேராசிரியரையும் ஆய்வு மேஜையையும் கொடுப்பார்கள். அவருடைய மகள் அங்கேயே இயற்பியல் இரண்டாம் ஆண்டு. அவளும் விண்ணப்பித்திருந்தாள்.

அதே வாரம், முந்தைய ஸ்காலர் ஒருவன் ஆய்வை முடித்துவிட்டு விட்டுப்போன குளிர்கலனை, பொருள்களைக் கடுங்குளிரில் வைத்து அளக்கும் கலனை, சுத்தம் செய்யத் திறந்தார். உலோகப் படலம் ஒன்று யாரும் எதிர்பாராத வெப்பநிலையிலேயே மின்தடையை இழக்கிறது என்று கண்டுபிடித்துப் பரிசு வாங்கியவன் அவன். உள்ளே, வெப்பநிலையை அளக்கும் சென்சார் பசை விட்டுக் கழன்று அந்தரத்தில் தொங்கியது. படலத்தைத் தொடவே இல்லை. அது காட்டிய எண்கள் எதற்கும் உதவாது, பரிசு வாங்கிய முடிவே தப்பு என்று அவருக்கு அப்போதே புரிந்துவிட்டது.

அந்த ஸ்காலருக்கு வழிகாட்டிய பேராசிரியரிடம் போய்ச் சொன்னார்.

"கட்டுரை வெளியாகிடுச்சு," என்றார் பேராசிரியர், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒட்டிட்டு மூடிடுங்க." பிறகு, "உங்க பொண்ணு அப்ளை பண்ணியிருக்கால்ல? நான்தான் தேர்வுக் குழுவுல இருக்கேன்."

அவ்வளவுதான். மிரட்டலா, விசாரிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல். பம்பு சார் ஒட்டினார், மூடினார். பதிவேட்டில் 'வழக்கமான சுத்தம்' என்று எழுதினார்.

மகள் தேர்வானாள். தேர்வுப் பட்டியலை அம்மா ஐந்து தடவை வாசித்தாள். மகளுக்கும் அதே பேராசிரியர்தான் வழிகாட்டி. அவர் கொடுத்த வேலை, அந்த ஸ்காலரின் முடிவைத் திரும்பச் செய்து காட்டிவிட்டு மேலே கொண்டுபோவது.

அந்த முடிவு வரவில்லை. எட்டு மாதம் முயன்றாள். படலத்தைப் புதிதாகப் பூசினாள், கம்பிகளை மாற்றினாள், கலனைத் திரும்பத் திரும்பக் குளிர்வித்தாள். அப்பாவோ அதே அறையில் நாலடி தள்ளி நின்று பம்புக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தார். சொல்ல வாய் எடுப்பார். பேராசிரியர் கதவைத் திறப்பார். வீட்டிலாவது சொல்லியிருக்கலாம். அங்கே கதவைத் திறக்க யாரும் இல்லை. ஆனாலும் சொல்லவில்லை.

ஆண்டு மதிப்பீட்டில், 'ஆய்வுத் திறன் போதாது' என்று எழுதி அவளைத் திட்டத்திலிருந்து நீக்கினார்கள். அன்று சாப்பாட்டு மேஜையில் அவள், "எனக்குக் கை சரியில்லப்பா. இந்த வேலைக்கு நான் லாயக்கில்ல," என்றாள்.

அப்போதுதான் சொன்னார், சென்சாரிலிருந்து எல்லாவற்றையும்.

"எப்போலருந்து தெரியும்?"

"நீ அப்ளை பண்ணின வாரம்."

தட்டை நகர்த்தி வைத்தாள். "எட்டு மாசமா என் கையையே திட்டிக்கிட்டு இருந்தேன். நீங்க பாத்துக்கிட்டே இருந்தீங்க."

"உன் இடம் போயிடுமேன்னுதாம்மா..."

"அதுதான் போயிடுச்சே."

மறுநாள் அவர் மதிப்பீட்டுக் குழுவிடம் போனார். பொறுமையாகக் கேட்டார்கள். பதிவேட்டை வரவழைத்தார்கள். அவர் கையெழுத்திலேயே 'வழக்கமான சுத்தம்' என்று இருந்தது. "மகளுக்காகப் பேசுறீங்க, புரியுது," என்றார் தலைவர், இரக்கத்தோடு. அந்த இரக்கம் செருப்படியைவிட வலித்தது.

மகள் சாதாரண மாணவியாகவே பட்டம் முடித்தாள். இப்போது வேறொரு ஊரில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வாரம் ஒருமுறை போன் செய்வாள். அவர் எடுத்தால், நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்பாள், பதிலுக்குக் காத்திருப்பாள். ஒரு குறையும் சொல்ல முடியாது. அப்புறம், "அம்மாகிட்ட குடுங்க," என்பாள்.