கீழக்குயில்குடியில் பாதி மண்டபம் அளந்தேன்

போன டிசம்பர் விடுமுறையில் நான் மதுரைக்குப் போனது ஊர் சுற்ற அல்ல, தலை தப்ப. நம் விடுதிக் கையெழுத்துப் பத்திரிகையைப் படிக்கும் தம்பிகளுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். பம்பாயில் நம் கட்டடக் கலைக் கல்லூரியில் மூன்றாம் வருஷம் ஒவ்வொருவரும் ஒரு பழைய கட்டடத்தை அங்குலம் விடாமல் அளந்து, மையில் வரைந்து கொடுக்க வேண்டும். முந்தின வருஷம் நான் கொடுத்த படத்தில் கூரை மிதக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டாம் தடவையும் தேறாவிட்டால் படிப்பு அவ்வளவுதான். எழுமலையில் விவசாயம் பார்க்கும் என் அப்பா கடிதத்தில் ஒரே வரி எழுதியிருந்தார்: "இந்தத் தடவையும் போச்சுன்னா வந்து ஏரைப் பிடி." எனக்கு ஏரும் வராது, எங்கள் வீட்டு மாடுகள் என்னை மதிப்பதும் கிடையாது.

போதாததற்கு யுத்தம். சீமையிலிருந்து வரும் கெட்டிக் காகிதம் கப்பலில் வருவது நின்று போனது. கல்லூரியில் ஆளுக்கு ஒரே ஒரு தாள் கொடுத்தார்கள். கெடுத்தால் மறு தாள் இல்லை. எங்கள் பேராசிரியர் கும்பகோணத்துக்காரர். பம்பாயில் எங்களைத் தமிழில் திட்டுவதற்கென்றே இருக்கிறவர். "கீழக்குயில்குடியில பதினாறு கால் மண்டபம் ஒண்ணு இருக்கு. அதைப் போய் அளந்துண்டு வா" என்று அவர்தான் சொன்னார்.

பம்பாயிலிருந்து சென்னைக்கு இரண்டு இரவு, ஒரு பகல். எழும்பூரில் மாலை ஏழு மணிக்கு ஏறினால் மறுநாள் காலை எட்டே காலுக்கு மதுரை. மூன்றாம் வகுப்பில் படுக்க இடம் கிடைக்காது; வரைபலகையை மடியில் வைத்துக்கொண்டால் உட்காரவும் இடம் கிடைக்காது. என்னோடு வந்தவன் வகுப்புத் தோழன் யூசுப்; அவன் படம் முன்னமே தேறிவிட்டது. தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் இருக்கிறது அவன் வீடு. அப்பாவுக்கு இரும்புக் கடை. மதுரையில் இருந்த மூன்று நாளும் அங்கேதான் தங்கினேன். யூசுப்பின் அம்மா வைக்கும் கறிக்குழம்பைப் பற்றித் தனியாக நாலு பக்கம் எழுதலாம். விடுதிச் சாம்பாரைத் தின்கிறவர்கள் மனம் நோகும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

முதல் நாள் காலை ஏழரைக்கு உசிலம்பட்டி போகும் கரிவண்டியைப் பிடித்தோம். பெட்ரோல் தட்டுப்பாடு வந்த பிறகு பஸ்ஸின் முதுகில் ஒரு கரி அடுப்பைக் கட்டி, அதில் வரும் வாயுவால் ஓட்டுகிறார்கள். ஓடுகிறது என்றால் ஒரு பேச்சுக்கு.

"எப்பண்ணே கெளம்பும்?" என்றேன் டிரைவரிடம்.

"அடுப்பு பத்துனாக் கெளம்பும். ஏறி ஒக்காருங்க."

எட்டு பத்துக்குப் பற்றியது. வழியில் சின்ன மேடு வந்ததும், "எளவட்டமெல்லாம் எறங்கித் தள்ளுங்கப்பா" என்றார். இரண்டணா டிக்கெட்டும் வாங்கிக்கொண்டு வண்டியையும் தள்ளச் சொல்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. யூசுப் சிரித்துக்கொண்டே தள்ளினான். நாகமலையடியில் இறங்கி, வயல் வரப்பில் இரண்டு மைல் நடந்தால் சமணர் மலையும், அதன் காலடியில் ஊரும். மண்டபம் ஊருக்கு வெளியே, ஊருணிக்குப் பக்கத்தில் தெற்குப் பார்த்து நிற்கிறது. வெறும் கல்தான், சிற்பம் என்று பெரிதாக இல்லை. பார்த்ததுமே எனக்குப் பிடித்துப் போனது.

இங்கே எங்கள் ஸ்டுடியோ ரகசியம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காலை முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்து முதுகு ஒடிகிறவர்கள் நாம். பென்சில் சீவுகிற நேரம்தான் ஓய்வு. அதனால்தான் நம் பென்சில்கள் சீக்கிரம் தீர்கின்றன. அப்படிப்பட்ட நமக்குச் சீனியர்கள் சொல்லிக் கொடுக்கும் முதல் வித்தை: பாதியை அள, மீதியைத் திருப்பிப் போடு. பழைய கட்டடம் என்றால் இரண்டு பக்கமும் ஒன்றாகத்தானே இருக்கும்? பாதியை டிரேசிங் தாளில் எடுத்துக் கவிழ்த்தால் முழுக் கட்டடம் வந்துவிடும்.

மண்டபத்தின் முன் வரிசையில் நாலு தூண், மூன்று இடைவெளி. நடு இடைவெளியை ஒரு கல் மேடை அடைத்திருக்கிறது. மேற்கு இடைவெளி ஐந்தடி இரண்டங்குலம். கிழக்கு இடைவெளியில் யாரோ ஆள் உயரத்துக்குச் சோளத்தட்டையை அடுக்கி வைத்திருந்தார்கள். நான் யூசுப்பைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான். டேப்பைச் சுருட்டிவிட்டோம். மத்தியானம் மூன்று மணி பஸ்ஸுக்கே திரும்பினோம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் முழுக்க யூசுப் வீட்டு மாடியில் வரைந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமான கோடு போட்டதில்லை. ஒரு சொட்டு மை சிந்தவில்லை. மூன்றாம் நாள் அந்தத் தாளைத் தகரக் குழாயில் போட்டுக்கொண்டு மறுபடி ஊருக்குப் போனோம். போக வேண்டிய அவசியமே இல்லை. படத்தை ஊராரிடம் காட்டிப் பெருமை அடித்துக்கொள்ளத்தான் போனேன், வேறென்ன!

மண்டபத்துக்கு எதிரே வேகவைத்த கடலை விற்கும் பேச்சியம்மாள் என்கிற அக்காதான் முதலில் வந்து பார்த்தார். முகப்பின் மேல் ஈர விரலை வைத்துவிடப் போகிறாரே என்று நான் பதறிக்கொண்டிருக்க, அவர் சாவகாசமாகக் கேட்டார்:

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. சப்பரம் எப்பிடி உள்ள வரும்?"

"எந்தச் சப்பரம்?"

"சாமி சப்பரம்தான். எங்க வீட்டுக்காரரு தூக்குறவரு. கெழக்கால மட்டுந்தான் நொழையும், மேக்கால இடிக்கும். நீங்க ரெண்டையும் ஒண்ணா போட்டிருக்கீகளே?"

யூசுப் சோளத்தட்டையைப் பிடுங்க ஆரம்பித்தான். நாலைந்து பேர் ஓடி வந்து கைகொடுத்தார்கள். டேப்பைப் பிடித்தோம். ஆறடி ஒரு அங்குலம்! பதினோரு அங்குல வித்தியாசம். கிழக்குக் கோடித் தூண் வரிசை முழுவதும் என் தாளில் தப்பான இடத்தில், அழியாத மையில் நின்றுகொண்டிருந்தது. நான் அப்படியே மேடையில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைப்பானேன்.

"சொரண்டிறலாம் மாப்ள" என்றான் யூசுப். மையைப் பிளேடால் சுரண்டுவது உண்டுதான். ஆனால் யுத்த காலத்தில் நல்ல பிளேடுக்கு எங்கே போவது? எங்களிடம் இருந்தது வெண்ணெய்கூட வெட்டாது. கை வழுக்கினால் தாள் கிழியும்.

"கருப்பையா அண்ணனக் கூப்புடுங்க" என்றார் பேச்சியம்மாள். வந்தவர் ஊரில் எல்லோருக்கும் சவரம் செய்கிறவர். விஷயத்தைக் கேட்டார். கத்தியைத் தோல்வாரில் பத்துத் தடவை தீட்டினார். தாளைத் தடவிப் பார்த்துவிட்டு, "எம்புட்டு எடுக்கணும்?" என்றார்.

"கோடு மட்டும் போகணும்ணே. தாள் போயிரக் கூடாது."

"மீசைக்கு ஓரம் எடுக்கிற கை தம்பி இது. நீங்க மூச்சு விடாம இருந்தாச் சரி."

நானும் விடவில்லை, சுற்றி நின்ற இருபது பேரும் விடவில்லை. முக்கால் மணி நேரத்தில் தூண்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. சுரண்டிய இடத்தை யூசுப் நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கினான்; இல்லாவிட்டால் புது மை ஊறிவிடும். அதே மேடையில் தாளை விரித்து, படத்தின் அளவில் கிட்டத்தட்டக் கால் அங்குலம் தள்ளித் தூண்களைப் போட்டேன். மை ஊறவில்லை! பேச்சியம்மாள் கூடையில் மிச்சமிருந்த கடலையை எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்தார். கருப்பையா அண்ணன் கூலி வாங்க மாட்டேன் என்றார். கட்டடத்தின் உயரம் தெரிய ஓர் ஆள் உருவம் வரைவது நம் வழக்கமாயிற்றே, அவரையே பெட்டியோடு தூணில் சாய்ந்து உட்கார்ந்த மாதிரி போட்டேன். "தொப்பையக் கொஞ்சம் கொறைங்க" என்றார். குறைத்தேன்.

பம்பாய் திரும்பி, படத்தைப் பேராசிரியர் மேஜையில் வைத்தேன். ஸ்கேலை எடுத்து அளந்தார். புருவம் ஏறியது. "கிழக்குப் பக்கம் ஏன் அகலமா இருக்கு?"

"சப்பரம் போகிற வழி, சார்."

தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "சுரண்டியிருக்கியே!"

இனி மறைத்துப் பயனில்லை. பாதி அளந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் எழுந்து, பீரோவைத் திறந்து, மஞ்சளாகிப் போன ஒரு தாளை எடுத்து என் படத்துக்குப் பக்கத்தில் விரித்தார். அதே மண்டபம். கீழே அவருடைய கையெழுத்து. மேற்கே ஐந்தடி இரண்டங்குலம். கிழக்கேயும் ஐந்தடி இரண்டங்குலம்.

"இதுக்குத்தான் எனக்கு மெடல் கொடுத்தா" என்றார். "அப்பவும் சோளத்தட்டைதான்டா அடைச்சிருந்தது" என்று சொல்லிச் சிரித்தார் பாருங்கள், பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஆகவே தம்பிகளே, போகிறவர்கள் ஏழரை வண்டியைப் பிடியுங்கள். தள்ளச் சொன்னால் முகம் சுளிக்காமல் தள்ளுங்கள். ஐம்பதடி டேப், தகரக் குழாய், குடிக்கத் தண்ணீர் போதும். எது அடைத்துக்கொண்டிருந்தாலும் அதை நகர்த்திவிட்டு இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். படத்தை ஊரில் காட்டாமல் மட்டும் ரயில் ஏறாதீர்கள்.

பேராசிரியர் படத்தை ஏற்றுக்கொண்ட அன்று சாயங்காலமே அப்பாவுக்கு ஒரு கார்டு போட்டேன்: "தேறிவிட்டேன். ஏருக்கு வேறு ஆள் பாருங்கள்."