ஆறு வாய் திறந்த காலை

சாந்தோமிலிருந்து அடையாறு முகத்துவாரம் ஒன்றரை மைல்தான். இதையும் பயணம் என்று எழுதுவதா என்று கேட்பீர்கள். வேளாங்கண்ணிக்கு நடந்தே போய்வந்தவன் நான். அந்த வழியில் எங்கும் நான் இப்படிப் பயந்ததில்லை.

விடியற்காலையில் மூவரும் கிளம்பினோம்: நான், என் மனைவி ரோஸியின் தம்பி அந்தோணி, எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வரும் கண்ணம்மா. யுத்த காலம். அரிசிக் கடை வாசலில் நின்று கால் வீங்கியதுதான் மிச்சம். ஆற்றோரம் மட்டிச் சிப்பியும் உமரிக் கீரையும் சும்மா கிடைக்கின்றன என்று கண்ணம்மா சொன்னதும் சாக்கைத் தூக்கிக்கொண்டோம்.

அந்தோணிக்கு நீச்சல் தெரியாது. வாய் மட்டும் ஓயாது. வழி நெடுகப் பாட்டு.

"உன் மச்சான் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போடு சார்" என்றாள் கண்ணம்மா.

முகத்துவாரத்தில் அலைகள் குவித்த மணல்மேடு ஆற்றை அடைத்துக் கிடந்தது. அதன்மேல் அக்கரைக்கு நடந்தே போகலாம். மேற்கே எங்கோ மழை போலும். செந்நீர் மேட்டின் விளிம்புவரை ஏறி நின்றது. முழங்கால் தண்ணீரில் இறங்கிக் குதிகாலால் சேற்றைத் துழாவினால் மட்டி தட்டுப்படும். உமரி அக்கரை உப்புத்தரையில் படர்ந்திருந்தது. குண்டு குண்டான இலை. இரண்டு முறை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் உப்பே போட வேண்டாமாம்.

மட்டி மூட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டு அந்தோணி உமரி பறிக்க அக்கரை போனான். திரும்பும்போது பாடிக்கொண்டே மேட்டின் நடுவே வந்தான். கண்ணம்மா சட்டென்று நிமிர்ந்தாள்.

"ஐயோ, வாய் தொறந்துக்கினு கீது! வாய் தொறந்துக்கினு கீது!"

நான் சிரித்தேன். அவனுக்கும் கேட்டிருக்கிறது. உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு, வேண்டுமென்றே ஆடி அசைந்து நடந்தான்.

"அவன் வாய் இல்ல சார்! ஆத்து வாய்! மேடு ஒடையுது!"

அப்போதுதான் பார்த்தேன். எனக்கும் அவனுக்கும் நடுவே, ஆற்றிலிருந்து கடலுக்கு விரலகல ஓடை ஒன்று ஓடியது. பார்க்கப் பார்க்க அது ஒரு முழமாயிற்று; பிறகு மாட்டுவண்டி போகும் அகலமாயிற்று. மணல் பாளம் பாளமாகச் சரிந்தது. அந்தோணி வாயிலிருந்து கையை எடுக்காமலே நின்றான். பிறகு, தாண்டிவிடலாம் என்று நினைத்தானோ என்னவோ, தண்ணீரில் காலை வைத்தான்.

"வராதேடா! திரும்பிப் போ!"

தொடைவரை இறங்கிவிட்டான். தண்ணீர் அவனைக் கடல் பக்கம் இழுத்தது.

"மூட்டைய அவுத்து வுடு நைனா! மல்லாக்க வுழு!" என்று கண்ணம்மா அலறினாள்.

அவன் முடிச்சைப் பிடித்தபடியே நின்றான். அக்காவுக்கென்று பொறுக்கிய மட்டி, விட மனசில்லை. இவன் போய்விட்டால் ரோஸியின் முகத்தில் எப்படி விழிப்பேன்? மாதாவே, மாதாவே என்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் வாயில் வரவில்லை.

மூட்டை அவிழ்ந்தது. பின்புறமாக விழுந்து, அக்கரை மணலைப் பற்றித் தவழ்ந்து ஏறினான். சற்றுமுன் அவன் நின்ற இடம் கடலோடு போயிற்று.

"பாலத்தாண்ட சுத்திக்கினு வா!" என்று இரு கைகளாலும் மேற்கே காட்டினாள் கண்ணம்மா.

அடையாறு பாலத்தின் இக்கரையில் காத்திருந்தோம். வெயில் ஏறிய பிறகு வந்தான், முகம் வெளிறி. அரையணாத் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். குடித்தான், பேசவில்லை. அந்த மௌனம் ஆற்றைவிட என்னைப் பயமுறுத்தியது.

"டேய், வாயைத் திறடா. ஏதாவது பேசு."

வேட்டி மடியை அவிழ்த்துக் காட்டினான். "உமரி இருக்கு மாமா. மட்டிதான் போயிடுச்சு."

நடுரோட்டில் நான்தான் அழுதேன்.

வீட்டில் ரோஸி கீரையை ஒரே தண்ணீரில் வேகவைத்து இறக்கிவிட்டாள். வாயில் வைக்க முடியவில்லை.

"இன்னாக்கா, உப்ப அள்ளிக் கொட்டினியா?" என்று ஆரம்பித்தான் அந்தோணி. அங்கிருந்து மூட்டை, மேடு, பாலம் என்று கஞ்சி ஆறும்வரை ஓயவில்லை. நான் தட்டிலிருந்த உப்புக் கீரை முழுவதையும் தின்றபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.