வியாழக்கிழமைச் சட்டை

மேலே துவைத்த நீலச் சட்டை. கீழே கிரீஸ் படிந்த அரைக்கால் டவுசர். நெவ் டக்வெல் கிரேடரின் பக்கக் கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவிக்கொண்டிருக்கிறான். டாக்டரம்மாவுக்குப் போனில் அவன் நெஞ்சு வரைக்கும்தான் தெரியும். "அதுக்குக் கீழ எதுக்குடா சோப்பு?" என்பான்.

இந்த மண் ரோட்டில் நாங்கள் இரண்டு பேர். நான் தண்ணி லாரியில் முன்னால் போய் மண்ணை நனைப்பேன். அவன் பின்னால் கிரேடரில் வந்து பிளேடை இறக்கி ரோட்டைச் சமன் செய்வான். வியாழக்கிழமை காலையில் மட்டும் ஜல்லி மேட்டில் வண்டியை நிறுத்திவிடுவான். இந்தப் பக்கத்தில் போனுக்கு டவர் எடுப்பது அங்கேதான். பிரிஸ்பேனில் இருக்கிற மனநல டாக்டர் பெட்டிஃபர் அவன் போன் திரையில் வருவார்.

போன வருஷம் ஓடைப் பள்ளத்தில் கிரேடரோடு உருண்டவன் இவன். எலும்பு கூடிவிட்டது. தூக்கம்தான் கூடவில்லை. டாக்டரைப் பார்ப்பதை விட்டால் வண்டியையும் விட வேண்டியதுதான் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். கிரேடர் இல்லாத நெவ்வை நான் ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன். பார்க்கிற மாதிரி இருக்காது.

முதல் நாள் பேசிவிட்டு இறங்கியவனுக்கு ஏமாற்றம். "சோபாவுல படுக்கச் சொல்வாங்கன்னு பார்த்தா, நேத்து என்ன சாப்பிட்ட, எப்போ படுத்த, எத்தன பீர் குடிச்சன்னு கேக்குறாங்கடா. என் பொண்டாட்டி கேட்டதுதான் எல்லாம்." ஆனால் அந்தம்மா பதிலைப் பொறுமையாகக் கேட்டார் என்பதையும் அவனே சொன்னான். மாத்திரைச் சீட்டு போனிலேயே மருந்துக் கடைக்குப் போய்விடும். மாத்திரை தபால் வண்டியில் வந்து சேரும். மாத்திரையால் வாய் உலரும் என்று டாக்டரம்மா முன்கூட்டியே எச்சரித்திருந்தார். இப்போது எந்நேரமும் புதினா மிட்டாய் சப்புகிறான்.

ஒவ்வொரு தடவையும் டாக்டரம்மாவின் முதல் கேள்வி, இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்பது. நடுவில் ஏதாவது ஆகிவிட்டால் ஆள் அனுப்ப வேண்டுமே. மாடு தாண்டாமல் இருக்க ரோட்டில் பதித்த மூணாவது கம்பித் தடுப்பைத் தாண்டி, பட்டுப்போன மரத்துக்கு இந்தப் பக்கம் என்பான் நெவ். அவர் அதையும் எழுதிக்கொள்வார். அடுத்து, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்பார். "நாய் மட்டும்தான் டாக்டரம்மா. அது யார்கிட்டயும் சொல்லாது."

நாய் சொல்லவில்லை. ரேடியோ சொல்லிவிட்டது.

இந்த ரோட்டில் வண்டிக்கு வண்டி ரேடியோ உண்டு, பெட்ரோல் பங்கிலும் பண்ணைகளிலும்கூட. எல்லாருக்கும் ஒரே சேனல். மைக்கில் இருக்கிற பொத்தானை அமுக்கினால் பேசலாம். மைக்கை மாட்டுகிற கொக்கிதான் போனை நிறுத்தி வைக்க வாகான இடம். அதனால் நெவ் மைக்கைக் கழற்றி சீட்டில் போடுவான். ஒரு வியாழக்கிழமை அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

என் லாரியில் அவன் குரல் கேட்டது. நான் கேம்பில் வைக்கிற கறி ஸ்டியூவை ஆறு மாசமாக நாய்க்குத்தான் போடுகிறானாம். டாக்டரம்மா சிரிக்கிறார். எனக்குச் சுருக்கென்றது. பிறகு குரல் இறங்கியது.

"ஓடைக்கிட்ட போனாலே கை நடுங்குது டாக்டரம்மா. பிளேடு சரியில்லன்னு பசங்ககிட்ட பொய் சொல்லி அந்த இடத்த விட்டுட்டு வரேன்."

அந்தப் பள்ளத்தில் குலுங்கிக் குலுங்கிப் போய் அவனைத் திட்டாத ஆள் இல்லை. நானும் திட்டியிருக்கிறேன். அவன் பொத்தான் அமுங்கியிருக்கும் வரை வேறு யாரும் ரேடியோவில் குறுக்கே பேச முடியாது. லாரியை விரட்டிக்கொண்டு மேடேறிப் போய்க் கதவைத் தட்டினேன். அவன் சீட்டைக் காட்டினேன். எழுந்து மைக்கைப் பார்த்தான். முகம் செத்துவிட்டது.

இனிமேல் அந்தம்மாவிடம் பேச்சே கிடையாது என்றான். வாரம் முழுக்க ரேடியோவைத் தொடவில்லை, மிட்டாய் டப்பாவையும் தொடவில்லை. அடுத்த வியாழன் விடிந்தது. நீலச் சட்டை கொடியிலேயே கிடந்தது. நான் எந்தப் பேச்சை எடுத்தாலும் அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

மேட்டில் நிறுத்துகிற நேரம் நெருங்கும்போது, மேட்டடி கேம்பில் நான் அவன் கிரேடர் படியில் நிற்க, ரேடியோ கரகரத்தது. பெட்ரோல் பங்க் வைத்திருக்கிற டோரீன்.

"நெவ், கேக்குதா? இன்னிக்கு வியாழன். நான் ரேடியோவ அணைக்கிறேன். டாக்டரப் பாத்து முடிக்கிற வரைக்கும் அணைஞ்சுதான் கிடக்கும்."

அடுத்தது மாட்டு லாரி ஓட்டுகிற கிளைவ். "நானும் அணைச்சாச்சு மாப்ள. ஸ்டியூ கதைய மட்டும் அப்புறமா முழுசா சொல்லு."

பிறகு தபால் வண்டி. பிறகு பண்ணைகளில் இருந்து ஒவ்வொருத்தராக. யாரும் நலம் விசாரிக்கவில்லை. அணைத்துவிட்டேன் என்று மட்டும் சொல்லிப் போனார்கள்.

நெவ் என் பக்கம் திரும்பினான்.

"சீப்பு வச்சிருக்கியாடா?"

தொப்பியை எடுத்து என் வழுக்கைத் தலையைக் காட்டினேன். யாரிடம் கேட்கிறாய் என்று. அவன் விரலாலேயே சீவிக்கொண்டு, கொடிக்கு ஓடிப்போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். மைக் வயரை ரேடியோவிலிருந்து உருவி, மைக்கை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டான். அவன் மேட்டில் ஏற்றி நிறுத்த, நானும் பின்னால் லாரியைக் கொண்டுபோய் நிறுத்தி என் ரேடியோவை அணைத்தேன்.

அன்றைக்கு நேரம் அதிகம் பிடித்தது. அவன் வாய் அசைவதும், நடுவில் ஒரு தடவை சிரிப்பதும் கண்ணாடி வழியே தெரிந்தது. பிறகு கிரேடர் புகை கக்கியது. கேம்ப் பக்கம் திரும்பும் என்று பார்த்தேன். ஓடைப் பக்கம் திரும்பி நின்றது.

ஜன்னல் வழியாக நீலச் சட்டைக் கை ஒன்று வெளியே வந்தது. லேசாக நடுங்கிக்கொண்டே, தண்ணி லாரியை முன்னால் போகச் சொல்லி வீசியது.