மெதுவாக்கா வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார்

இருபத்தாறு வருஷமாக அவள் உட்கார்ந்திருந்தது பக்கத்து சீட்டில்தான். அண்ணன் நடத்தும் டிரைவிங் ஸ்கூலில் அவள் வாத்தியார். ஸ்டியரிங் எப்போதும் அடுத்தவர் கையில். அவள் காலடியில் தனியாக ஒரு பிரேக், வாயில் "மெதுவா, மெதுவா" என்று ஒரே பாட்டு. படித்துவிட்டுப் போனவர்கள் வைத்த பெயர் மெதுவாக்கா. முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

ஒருநாள் கிளாஸ் முடிந்து இறங்கிய ஒரு நர்ஸ், "நீங்க வண்டி ஓட்டி நான் பார்த்ததே இல்லையேக்கா" என்றாள். சும்மா சொன்ன பேச்சுதான். ஆனால் அது காலில் தைத்த முள் மாதிரி மெதுவாக்காவுக்குள் நின்றுவிட்டது. யோசித்துப் பார்த்தால், அவளே பார்த்ததில்லை.

ஊருக்கு வெளியே ஒரு ரேஸ் டிராக் இருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கட்டணம் கட்டினால் யாரும் தன் சொந்த வண்டியைக் கொண்டுபோய் ஓட்டலாம். போட்டி கிடையாது, பரிசு கிடையாது. விசாரித்துவிட்டு வந்தவள், அடுத்த வாரமே ஒரு பல் டாக்டர் வீட்டு வாசலில் நின்றாள். அவர் விற்கவிருந்தது பதினெட்டு வருஷப் பழைய ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார்.

"பையனுக்காம்மா?" என்றார் டாக்டர்.

"எனக்குப் பையனே கிடையாது. எனக்குத்தான்."

பானெட்டில் கை வைத்துப் பார்த்தாள். சுட்டது. "நான் வர்றதுக்கு முன்னாடியே ஓடவிட்டு வெச்சிருக்கீங்களே டாக்டர்? ஆறட்டும், ஆறின இன்ஜினைக் கிளப்பினாத்தான் குறை தெரியும். எனக்கு அவசரமில்ல."

ஆறும் வரைக்கும் கொண்டுவந்த பழைய போர்வையைத் தரையில் விரித்து, டார்ச்சோடு வண்டிக்கு அடியில் நுழைந்தாள். கதவுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தியபோது ஓரிடத்தில் துரு பொலபொலவென்று உதிர்ந்தது. அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வெளியே வந்து டாக்டரிடம் காட்டினாள். ஆறிய இன்ஜினைக் கிளப்பியபோது முதலில் கொஞ்சம் நீலப் புகை வந்து, அப்புறம் நின்றது. டாக்டர் சொன்ன விலையில் மூன்றில் ஒரு பங்கு இறங்கியது.

வீட்டில் கணவர், மருந்துக்கடைக்காரர், ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஹெல்மெட் நல்லதா வாங்கினியா?"

அண்ணன்தான் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "உனக்கென்ன புத்தி பேதலிச்சுப் போச்சா? பொறுமை சொல்லிக் குடுக்கிறவ ரேஸ் டிராக்குல பறந்தா, எவன் தன் பொண்ண இங்க அனுப்புவான்? அந்த வண்டியா, இந்த வேலையா? ஒண்ண முடிவு பண்ணு."

பயிற்சி வண்டியின் சாவியை எடுத்து அவர் மேஜைமேல் வைத்தாள். "நாளைக்கு ஒம்பது பேருக்கு கிளாஸ் இருக்குண்ணே. நீயே பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடு."

மறுநாள் மூன்றாவது ஆள் வண்டியை நடைபாதைமேல் ஏற்றி, பூந்தொட்டியைத் தொட்டு நிறுத்தினார். மதியம் சாவி ஆபீஸ் கிளார்க் கையில் திரும்பி வந்தது. அண்ணன் பேசவில்லை. அவளும் பேசவில்லை. அதற்கப்புறம் ஐந்து வாரம் எல்லாமே துண்டுச் சீட்டில்தான் நடந்தது.

வண்டியைத் தயார் பண்ண அவள் போனது தன்னிடமே படித்த மெக்கானிக்கிடம். இன்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுகிறவர், டிரைவிங் டெஸ்ட்டில் மட்டும் மூன்று தடவை கோட்டை விட்டவர். "பெரிய சைலன்சர் போட்டுருவோம்க்கா, சும்மா அதிரும்" என்றார்.

"அதிர்றது இருக்கட்டும். முதல்ல நிக்கணும்."

கறுத்துப்போன பிரேக் ஆயிலை வடித்துவிட்டு, சூடு தாங்குகிற புது ஆயிலை ஊற்றினார்கள். பிரேக் பேட், ரப்பர் குழாய், நாலு டயர் எல்லாம் புதுசு. துருப்பிடித்த இடத்தை வெட்டித் தகடு வைத்து வெல்டிங் பண்ணினார்கள். எடை குறைய ரேடியோ, ஸ்டெப்னி, தரைவிரிப்பு எல்லாம் கழற்றியாயிற்று. "வாட்டர் பம்ப்பும் மாத்திரலாம்க்கா" என்றார் மெக்கானிக். டயருக்கே கை காலியாகிவிட்டதால், "இன்னும் ஒரு வருஷம் தாங்கும், விடு" என்றாள். அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

டிராக்கில் புதியவர்களுக்குப் பக்கத்தில் ஒரு பயிற்சியாளர் உட்கார வேண்டும் என்பது விதி. வந்தவருக்கு முப்பது வயதிருக்கும். முதல் இருபது நிமிஷம் அவள் எல்லா வளைவுக்கும் கல்யாண ஊர்வலம் மாதிரி போனாள். "அக்கா, இன்னும் கொஞ்சம் தள்ளி பிரேக் பிடிங்க. வண்டி நிக்கும், நம்புங்க" என்றார் அவர்.

இரண்டாவது தடவை நம்பினாள். நேர்ச்சாலையில் கியர் ஏறிக்கொண்டே போக, வளைவு வந்து முகத்தில் அறைவதுபோல் நெருங்கியது. அவள் இன்னும் பிரேக்கைத் தொடவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தால், பக்கத்தில் அவர் வலது கால் தரையை மிதித்துக்கொண்டிருந்தது.

"அங்க பிரேக் இல்ல தம்பி!" என்று கத்திவிட்டு மிதித்தாள். வண்டி பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி அடங்கி, சொன்ன கோட்டில் திரும்பியது. ஹெல்மெட்டுக்குள் அவள் சிரித்த சிரிப்பு அவளுக்கே புதுசாக இருந்தது.

மூன்றாவது தடவை தனியாக விட்டார்கள். ஐந்தாவது சுற்றில் சூட்டு முள் ஏறியது. ஆவி கிளம்புவதற்குள் இன்ஜினை அணைத்து, வண்டியைப் புல்வெளிக்கு உருட்டிவிட்டாள். வாட்டர் பம்ப்.

பளபளவென்ற புது வண்டிக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, "இந்த வண்டிக்கும் வயசாச்சு, உங்களுக்கும்... பேசாம வீட்டுல இருந்திருக்கலாமே" என்றார்.

"இருந்திருந்தா பத்தொம்பது சுத்து யார் ஓட்டியிருப்பா? நீங்க எத்தனை சுத்துன்னு எண்ணிப் பார்த்தீங்களா?"

அவர் எண்ணியிருக்கவில்லை.

சாயங்காலம் இழுவை லாரி வந்தது. முதுகில் காரை ஏற்றிக் கட்டியபின், டிரைவர் கொஞ்சம் இரக்கத்தோடு கேட்டார்: "பின்பக்க ரோடா போயிரட்டுமாம்மா? யார் கண்ணுலயும் படாது."

"கடைத்தெரு வழியாவே போங்க. டிரைவிங் ஸ்கூல் வாசல்ல ஒரு நிமிஷம் நிறுத்துங்க."

நிறுத்தினார். ஆள்கள் கூடினார்கள். அண்ணன் வெளியே வந்து, லாரியையும் மேலே இருந்த காரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னாச்சு?" ஐந்து வாரத்துக்கப்புறம் வந்த முதல் வார்த்தை.

"வாட்டர் பம்ப். மாத்தச் சொன்னாங்க, நான்தான் கேக்கல."

"சரி, பட்டுத் தெளிஞ்சாச்சுல்ல? இத்தோட விட்டுரு."

"அடுத்த மாசத்துக்கும் பேர் குடுத்துட்டுத்தாண்ணே வந்திருக்கேன்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, லாரியைக் கிளப்பச் சொன்னாள்.

அடுத்த மாதம் நாற்பத்தொரு சுற்று ஓட்டினாள். கார் தன் சக்கரத்திலேயே வீடு திரும்பியது.