வேறொருவர் திறந்து வைத்திருக்கும் கோப்பு

நான் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஊர் ஊராகச் சுற்றியதில் கம்ப்யூட்டரும் கொஞ்சம் கைக்கு வந்தது. பெருமாட்டியில் ஒரு தக்காளி விவசாயிக்கு, தோட்டத்து மோட்டார் தானாக ஓடி நிற்கும்படி ஒரு சின்னக் கம்ப்யூட்டரைப் பொருத்திக் கொடுத்தேன். ஓடும் நேரம், நிற்கும் நேரம் எல்லாம் அதற்குள் ஒரு கோப்பில் இருக்கும். கோப்பு காலியாக இருந்தால் மோட்டார் ஓடட்டும், நாற்று காயக்கூடாது என்று எழுதிவைத்த அறிவாளியும் நானே.

பிறகு ஆனைக்கரையில் ஏலக்காய் உலர்த்தும் இடத்தில் வேலை. படுக்கையும் அங்கேதான், மூட்டைகளுக்கு நடுவில். பெருமாட்டி ஃபோல்டரை நெட் வழியாக என் லேப்டாப்பில் இணைத்து வைத்திருந்தேன். பார்த்தால் பக்கத்தில் இருப்பதுபோலவே இருக்கும். மழை பெய்து நெட் போனால்தான் தூரம் தெரியும்.

அன்று காலை நேரத்தை மாற்றிச் சேமித்தேன். திருத்தும் மென்பொருளான எடிட்டர் பழையதை அழித்தது. புதியதை எழுதுவதற்குள் நெட் போய், கோப்பு காலியாகவே நின்றது. திரை உறைந்துவிட்டதால் லேப்டாப்பை அமுக்கி அணைத்தேன். நெட் வந்தபின் கோப்பைத் திறந்தால், ‘வேறொருவர் இதைத் திருத்திக்கொண்டிருக்கிறார்’ என்று சொல்லித் தொடவே விடவில்லை.

அதற்குள் விவசாயியின் போன்.

“ஏனுங்க தம்பி, நாத்துத் தட்டெல்லாம் மொதக்குது. மோட்டார் நிக்கவே மாட்டீங்குதுங்க!”

“பியூஸப் புடுங்குங்கண்ணா.”

பிடுங்கினார். கம்ப்யூட்டருக்கும் அதே பியூஸ்தான். என் திரையிலிருந்து பெருமாட்டியே மறைந்தது.

“இப்ப மாட்டுங்க.”

“மாட்டுனா ஓடுமில்லீங்க?”

“மாட்டாட்டி நிறுத்த முடியாதுங்க.”

“நீங்க பேசறது உங்களுக்காச்சும் புரியுதுங்களா?”

மாட்டினார். மோட்டார் ஓடியது. “வேற யாரோ கோப்பத் தொறந்து வெச்சிருக்காங்கண்ணா,” என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

“எம்பட மச்சானேதான்! வாய்க்காத் தண்ணிக்குச் சண்ட போட்டவன், இப்ப கம்ப்யூட்டர்லயே பூந்துட்டானா?”

போன் அணையாமலே அவர் பக்கத்துத் தோப்பை நோக்கிக் கத்திக்கொண்டு போனார். நான் எச்சரிக்கையை முழுதாகப் படித்தேன். அந்த வேறொருவரின் பெயர் அடியில் இருந்தது. என் பெயர். நான் அமுக்கி அணைத்தபோது, கோப்பு திறந்திருக்கிறது என்று எடிட்டர் விட்டுப்போன அடையாளம்.

“அண்ணா, அது நாந்தானுங்க!” என்று கத்தினேன். யாரும் கேட்கவில்லை. மச்சானின் குரல்தான் வந்தது.

“எனக்கு டிவி ரிமோட்டே அமுக்கத் தெரியாது, நானாடா உன்ற மோட்டார ஓட்டறேன்? அட, நாத்துப் பூரா நீந்துதே! ஓஸ் பைப்ப எடுத்து இந்தப்பக்கம் போடு.”

ஓஸ் வரப்பைத் தாண்டி மச்சானின் தோப்புக்குள் விழுந்தது. நாற்று தப்பியது. நான் மீதமிருந்த அடையாளத்தை அழித்துவிட்டு, புதுக் கோப்பை லேப்டாப்பிலேயே எழுதி முடித்தேன். முழுதாக அனுப்பினால் போதும்.

“அனுப்பட்டுங்களா?”

போனை இப்போது மச்சான் வாங்கியிருந்தார். “அவசரமில்லீங்க தம்பி. இன்னும் ரெண்டு தென்னைக்குப் பாயோணும்.”

பின்னால் விவசாயி ஓஸை அடுத்த தென்னைக்கு இழுக்கும் சத்தம் கேட்டது. பொத்தான்மேல் விரலை வைத்தபடி, இரண்டு தென்னை நேரம் காத்திருந்தேன்.