புள்ளிக்கோட்டில் வெட்டிய அத்திவாரம்

எங்கள் அக்காவின் செத்தவீட்டில், என் மனைவியின் தகப்பனாரான மாமா எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்: "கைவேலை எண்டால் அந்தப் பிள்ளைதான். எங்கட வீட்டு அத்திவாரத்தில மட்டும் ஒருக்காப் பிழை விட்டிட்டா." இருந்தவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அந்தத் தலையாட்டல் அன்றிலிருந்து என்னை நிம்மதியாக இருக்கவிடவில்லை. அக்காவின் பெயரில் கிடக்கும் அந்தப் பிழையைத் துடைக்கவே அவரது முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் இதை எழுதுகிறேன்.

அக்கா பூநகரியில், வயல் செய்த பெற்றோருக்கு மூத்தவராகப் பிறந்தார். என்னைவிட ஒன்பது வயது மூப்பு. போரில் அம்மா, அப்பா, தன் கணவரான அத்தான் மூவரையும் இழந்து, முகாமிலிருந்து என்னை மட்டும் கூட்டிக்கொண்டு ஊர் திரும்பினார். வீட்டுத்திட்டம் வந்த காலத்தில் பெண்களுக்கும் மேசன் வேலை பழக்கினார்கள். அக்கா முதல் ஆளாய்ப் பெயர் கொடுத்தார். "பொம்பிளையள் சீமெந்து குழைக்கலாம், வீடு கட்டேலுமோ?" என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

பிளானைக் கண்டால் மற்றவர்களுக்குத் தலை சுற்றும். அக்கா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, முற்றத்தில் சாம்பல் தூவி உண்மை அளவிலேயே கீறுவார். தடித்த கோடு சுவர். கால்வட்டம் கதவு திறக்கிற பக்கம். பிறகு அதற்குள் நடந்து பார்ப்பார். வீட்டுக்காரப் பெண்களையும் கூட்டிவந்து, "குசினிக்குள்ள நிண்டு சமைக்கிறமாதிரிக் கையை நீட்டிப் பாருங்கோ, இடம் காணுமோ?" என்று கேட்பார்.

நானும் அவரோடு வேலைக்குப் போனேன். பிளான் பார்க்கப் பழகு என்று எத்தனை தரம் கெஞ்சினார்! "எனக்குக் கண்ணளவே போதும்" என்று எடுப்பாய்ச் சொல்லித் திரிந்தேன். உண்மையில் எனக்கு அந்தத் தாளைக் கண்டால் பயம்.

மாமாவின் வீட்டு வேலை தொடங்கிய கிழமை அக்காவுக்குக் காய்ச்சல். மாமா வவுனியாவுக்குப் போயிருந்தார். "நான் வாறமட்டும் அத்திவாரம் வெட்ட நூல் கட்டாதை" என்றார் அக்கா. நான் கேட்கவில்லை. பிளானைச் சுற்றி ஓடும் புள்ளிக்கோடு கூரையின் விளிம்பு. நிலத்தில் அதற்கு வேலையே இல்லை. நான் அதைத்தான் வெளிச்சுவர் என்று நம்பி, அதிலேயே அத்திவாரம் வெட்டிக் கல்லும் போட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் அக்கா வந்து சுற்றி நடந்து பார்த்தார். அந்த நேரம் பார்த்து மாமாவும் வீட்டுத்திட்ட உத்தியோகத்தரும் வந்து சேர்ந்தார்கள். "ஆர் பிளான் பாத்தது?" என்று மாமா கத்தினார். நான் குனிந்து நூலைச் சுருட்டத் தொடங்கினேன்.

"நான்தான் ஐயா. திருப்பிக் கட்டித் தாறன்" என்றார் அக்கா.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், "ஏனக்கா?" என்று கேட்டேன்.

"உனக்கு அந்த வீட்டில கலியாணப் பேச்சு நடக்குதெல்லோ. வாயை மூடிக்கொண்டு நட."

வீடு பிந்தியதால் அந்த மாரிமழை முழுவதும் மாமா குடும்பம் தகரக் கொட்டிலில் கிடந்தது. அக்காவுக்கு வரவேண்டிய வீடுகள் வேறு மேசன்மாரிடம் போயின. எனக்குக் கலியாணம் நடந்தது.

அதன் பிறகுதான் பழகினேன், அக்காவிடம் திட்டு வாங்கி வாங்கி. "ஒவ்வொரு கோட்டையும் தொட்டுக் கேள்: நீ நிலத்திலையோ, மேலையோ எண்டு!"

கடைசிக் கிழமை வவுனியா ஆஸ்பத்திரியில், மாமாவிடம் சொல்லப்போகிறேன் என்றேன். "பேய்க்கதை கதைக்காதை. உன்ர பிள்ளையளுக்கு முன்னால உனக்கு மரியாதை வேணும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். ஐயோ அக்கா, இதிலும் நான் உங்கள் சொல் கேட்கவில்லை.

அச்சுக்குக் கொடுக்கமுன் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். "ஒவ்வொரு மழைக்கும் மச்சாள் எங்கட கொட்டிலுக்கு வந்து ஒழுகாமப் படங்கு கட்டித் தந்தவா. ஏனெண்டு இப்பதான் விளங்குது" என்று சொல்லி அழுதார்.

அக்காவைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், பந்தல் போட்ட அயலவருக்கும், பாடை சுமந்த மேசன்மாருக்கும், தூர இடங்களிலிருந்து வந்த உறவுகளுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

மாமா, உங்கள் அத்திவாரத்தைப் பிழையாக வெட்டியவன் நான். எங்கள் அக்கா ஒரு வீட்டிலும் பிழைவிட்டதில்லை.